கோலாலம்பூர் முதல் குன்மிங் வரை: ரயிலில் நான்கு நாடுகள்

கோலாலம்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் நகருக்கு விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் நாங்கள் 22 பேர் அதே நகருக்குப் போய்ச் சேரப் பத்து நாள் எடுத்துக்கொண்டோம். மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், சீனா என நான்கு நாடுகளையும் தரைவழியாகவே, பெரும்பாலும் ரயிலிலேயே கடந்தோம்.

நான் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு சுற்றி?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "அதுவும் குழுச் சுற்றுலாவிலா? வயதானவர்கள்தானே அப்படிப் போவார்கள்?" இரண்டுக்கும் பதில் பயணத்தில்தான் கிடைத்தது.

எங்கள் குழுவில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இரண்டு குடும்பங்கள், ஒரு மருந்தாளர், ஒரு லாரி நிறுவன உரிமையாளர் ஆகியோருடன் மாணவர்கள் நாங்கள் நால்வர். மூத்தவருக்கு வயது 75. கெடாவில் பிறந்து கிள்ளானில் வசிக்கும் அந்தப் பாட்டியை முதல் நாளே எல்லாரும் "பாட்டி" என்று அழைக்கத் தொடங்கிவிட்டோம். எங்களை வழிநடத்திய ஈப்போக்காரரை "அண்ணன்" என்றோம்.

மின்கம்பி முடியும் இடம்

கேஎல் சென்ட்ரலில் காலையில் ஏறிய இடிஎஸ் மின்ரயில் பிற்பகலில் பாடாங் பெசாரில் நின்றது. பெர்லிஸ் மாநிலத்தின் வடகோடி அது. மேலே ஓடிவந்த மின்கம்பி அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் டீசல் ரயில்தான்.

பாடாங் பெசார் நிலையத்தில் ஒரு விசேஷம் உண்டு. மலேசியா, தாய்லாந்து இரண்டின் குடிநுழைவு முகப்புகளும் ஒரே கட்டடத்துக்குள் உள்ளன. ஒரு முகப்பில் கடப்பிதழில் முத்திரை வாங்கி நாட்டைவிட்டு வெளியேறுகிறோம். சில அடி நடந்து அடுத்த முகப்பில் இன்னொரு நாட்டுக்குள் நுழைகிறோம். கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். வரைபடத்தில் தடித்த கோடாகப் பார்த்துப் பழகிய எல்லை, நேரில் ஒரு நடைபாதையாக இருந்தது.

இருந்தாலும் ரயில் அங்கே தடையில்லாமல் போகிறது. தீபகற்ப மலேசியாவிலும் தாய்லாந்திலும் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஒன்றே, 1,000 மில்லிமீட்டர். அகலம் ஒன்றாக இருந்தால்தான் ஒரு நாட்டின் பெட்டி இன்னொரு நாட்டின் பாதையில் ஓடும். இந்தச் சின்ன விஷயம் பிறகு லாவோஸில் எவ்வளவு பெரிதாகும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஹட்யாயில் ஒரு நாள் தங்கினோம். அந்நகரின் பெயரைச் சொல்லியே விற்கப்படும், வறுத்த சின்ன வெங்காயம் தூவிய பொரித்த கோழியை நான்கு பேரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம். மாலையில் பாங்காக் செல்லும் படுக்கை வசதி ரயில். இரவு ஆனதும் பணியாளர் ஒருவர் வந்து, எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்து, மேலே மடித்து வைத்திருந்த படுக்கையை இறக்கி, வெள்ளை விரிப்பு விரித்துத் திரை போட்டுவிட்டுப் போனார். ஓர் இடத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

குழுவாகப் போவது எப்படிப்பட்டது என்பது அந்த இரவில் புரிந்தது. யாருக்குக் கீழ்ப்படுக்கை, யாருக்கு மேல்படுக்கை என்பதற்கே அரை மணி நேரம் பேச்சு நடந்தது. முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழே, மாணவர்களுக்கு மேலே என்று முடிவானது. தனியாகப் போயிருந்தால் இந்தப் பேச்சு தேவைப்பட்டிருக்காது. ஆனால், காலையில் பாட்டி ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த சுக்குக் காப்பியும் கிடைத்திருக்காது.

காஞ்சனபுரியில் 45 நிமிடம்

பாங்காக்கிலிருந்து மேற்கே, தோன்புரி நிலையத்தில் புறப்படும் மூன்றாம் வகுப்பு ரயிலில் காஞ்சனபுரிக்குப் போனோம். குளிர்சாதனம் கிடையாது. சன்னல்கள் திறந்திருக்க, கரும்புத் தோட்டங்களும் மரவள்ளித் தோட்டங்களும் பின்னால் ஓடின. சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் சொல்லப்படும் பாதையில் இன்றும் எஞ்சியிருக்கும் பகுதியில்தான் அந்த ரயில் ஓடுகிறது.

பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ஓரிரு வரிகளில் படித்துக் கடந்த விஷயம் இது. இரண்டாம் உலகப் போரின்போது, பர்மாவில் இருந்த தன் படைகளுக்குப் பொருள் அனுப்ப ஜப்பானிய ராணுவத்துக்கு ஒரு தரைவழி தேவைப்பட்டது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதையை, மலையும் காடும் நிறைந்த நிலத்தில், 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

வேலை செய்தவர்களில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மலாயா, பர்மா, ஜாவா போன்ற இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை இதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவர்களில் இறந்தோர் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம், சில மாத வேலை என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்கள் உண்டு. பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

எங்கள் பயணத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியிருந்த நேரம் இதுதான்: குவாய் நதிப் பாலம், 45 நிமிடம். பிறகு மிதவை உணவகத்தில் மதிய உணவு. பிறகு படகுச் சவாரி.

பாலத்தில் எல்லாரும் படம் எடுத்தோம். வளைந்த இரும்பு வளைவுகள் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டவை. நடுவில் கோணமாக நிற்கும் இரண்டு பகுதிகள், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை. இந்தப் பாலத்தை உலகப் புகழ்பெறச் செய்தது 1957இல் வெளிவந்த ஆங்கிலப் படம். அது படமாக்கப்பட்டதோ அன்றைய சிலோனில்.

படம் எடுத்து முடித்தபோது பாட்டி அண்ணனிடம் வந்து கேட்டார்: "தம்பி, நம்ம ஆளுங்களை எங்கே வெச்சிருக்காங்க?"

அவருடைய பெரியப்பா 1943இல் கெடா தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. எந்த முகாமில் இருந்தார், எப்போது இறந்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டி அவரைப் பார்த்ததே இல்லை. அவர் பிறந்தது போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. ஆனாலும் சுற்றுலா விளம்பரத்தில் காஞ்சனபுரி என்ற பெயரைப் பார்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறார். கைப்பையில் கற்பூரமும் வெற்றிலை பாக்கும் இருந்தன.

குழுவில் சலசலப்பு எழுந்தது. படகுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. "சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று லாரி நிறுவனத்துக்காரர் சற்றுக் காட்டமாகவே கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 22 பேரும் ஒப்புக்கொண்ட திட்டம் அது. ஒருவருக்காக மாற்றினால் அடுத்தவரும் கேட்பார். அண்ணன் சிறிது யோசித்துவிட்டுக் குழுவை இரண்டாகப் பிரித்தார். விரும்பியவர்கள் படகுக்குப் போகலாம். மற்றவர்களை உள்ளூர் வழிகாட்டி அழைத்துப் போவார். பாட்டியோடு ஒன்பது பேர் கிளம்பினோம்.

பெயர் உள்ள கல், பெயர் இல்லாத கல்

முதலில் போனது காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம். ஒழுங்காக வெட்டிய புல், வரிசை வரிசையாகச் சிறு கற்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பூச்செடி. போர்க்கைதிகள் 6,982 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து நாட்டவர்களே மிகுதி. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது எல்லாம் பொறிக்கப்பட்டுள்ளன. 22, 23, 24 என்று எங்கள் வயதுகள். பாட்டி ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்தார். "இவங்களும் பிள்ளைங்கதானே," என்றார்.

நகரில் 1977இல் தொடங்கிய ஓர் அருங்காட்சியகத்தின் பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. மலாயாவுக்கோ பர்மாவுக்கோ அதில் எழுத்து இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? வழிகாட்டி விளக்கினார். போர்க்கைதிகளுக்குள் அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் கொதித்த நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல ஆள் இருந்தது. யார் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று மறைவாகக் குறித்து வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு இவை எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். எழுதி வைக்க ஆள் இல்லாததால் அவர்கள் வெறும் எண்ணிக்கையாக மட்டும் மிஞ்சினார்கள்.

பாலத்துக்கு அருகே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. இறந்தவர்களுக்காக ஜப்பானிய ராணுவமே 1944இல் கட்டியது. அதில் பல மொழிகளில் பதித்துள்ள கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. தாய்லாந்தின் மேற்குக் கோடியில், எண்பது ஆண்டு வெயிலும் மழையும் பட்ட கல்லில் தமிழ் எழுத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "சாகடிச்சவனே வெச்ச கல்லு. இங்கே கற்பூரம் ஏத்த மாட்டேன்," என்றார்.

கடைசியாகப் போனது வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமிய மரபுப் பௌத்த ஆலயம். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்து எழுப்பிய தூபி அங்கே உள்ளது. அதே வளாகத்தில், மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் ஒரு நடுகல்லும் நிறுவப்பட்டிருக்கிறது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது சங்க காலத்து வழக்கம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது.

பாட்டி அங்கே வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றி, பெரியப்பாவின் பெயரை உரக்கச் சொன்னார். மருந்தாளர் தன் அம்மா வழித் தாத்தா ஒருவரின் பெயரைச் சொன்னார். அவர் வீட்டிலும் ஒருவர் போயிருந்தார் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல ஒரு பெயரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் போகவில்லையா, அல்லது நான் யாரிடமும் கேட்டதே இல்லையா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் நாம் தோக் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தில் 'நரக நெருப்புக் கணவாய்' எனப்படும் இடத்துக்குச் சென்றோம். பாறையை உளியாலும் சுத்தியலாலும் வெட்டிய பள்ளம் அது. இரவெல்லாம் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் உழைத்த காட்சியால் வந்த பெயர். அங்குள்ள விளக்கப் பலகைகள் எல்லாவற்றையும் படித்து முடித்து, கடைசியாகப் பேருந்தில் ஏறியவர் லாரி நிறுவனத்துக்காரர். இருபத்தோரு பேரும் அவருக்காகக் காத்திருந்தோம். யாரும் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

பாலத்தின் நடுவே ரயில்

பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியன்தியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரவு ரயில் ஓடுகிறது. காலையில் நோங் காய் நிலையத்தில் இறங்கித் தாய்லாந்து முத்திரை வாங்கி, மீண்டும் ஏறி, மீகோங் ஆற்றைக் கடக்க வேண்டும். 1994இல் திறக்கப்பட்ட தாய்-லாவோ நட்புறவுப் பாலத்தில் தண்டவாளம் சாலையின் நடுவிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. ரயில் வரும்போது வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். இரு கரையிலும் லாரிகள் காத்திருக்க, நாங்கள் மெல்ல ஊர்ந்து அடுத்த நாட்டுக்குள் போனோம்.

வியன்தியானில் அந்தத் தண்டவாள அகலம் திரும்பவும் நினைவுக்கு வந்தது. தாய்லாந்திலிருந்து வரும் பாதை 1,000 மில்லிமீட்டர். சீனாவுக்குப் போகும் புதிய பாதை 1,435 மில்லிமீட்டர். ஒன்றின் ரயில் மற்றதில் ஓடாது. நிலையங்களும் வேறு வேறு. பயணிகள் மட்டுமின்றிச் சரக்குகளும் இங்கே இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூர் முதல் குன்மிங் வரை ஒரே ரயில் என்ற பழைய கனவுக்கு நடுவில் நிற்பது 435 மில்லிமீட்டர். ஒரு முழ நீளம்கூட இல்லை!

லாவோஸ்-சீனா ரயில்பாதை 2021 டிசம்பர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குமுன் லாவோஸில் இயங்கிய ரயில்பாதை, அந்த நட்புறவுப் பாலத்திலிருந்து உள்ளே வரும் மூன்றரை கிலோமீட்டர் மட்டுமே. இப்போது வியன்தியானிலிருந்து எல்லை வரை 414 கிலோமீட்டர். மலைநாடு என்பதால் 75 சுரங்கங்கள். அவற்றின் மொத்த நீளம் 198 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய பாதி வழி இருட்டு. பேருந்தில் ஒரு பகலை விழுங்கிய லுவாங் பிரபாங் பயணம் இப்போது இரண்டு மணி நேரம்.

செலவு சுமார் 600 கோடி அமெரிக்க டாலர். கூட்டு நிறுவனத்தில் சீனாவின் பங்கு 70 விழுக்காடு, லாவோஸின் பங்கு 30. பெரும்பகுதி சீன வங்கிக் கடன். எங்களுடன் வந்த லாவோ வழிகாட்டி இளைஞரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்தபோது வீட்டுக்குப் போவதே ஆண்டுக்கு ஒரு முறைதானாம், இப்போது மாதம் ஒரு முறை போகிறாராம். கடனைத் தன் பிள்ளைகளும் சேர்ந்துதான் கட்ட வேண்டியிருக்கும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டுமே உண்மை என்பதால் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை.

வியன்தியானில் கோப் என்ற மையத்தையும் பார்த்தோம். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மீது 20 இலட்சம் டன்னுக்கும் மேல் குண்டு வீசியது. வெடிக்காமல் மண்ணில் கிடப்பவை இன்றும் விவசாயிகளின் கைகால்களைப் பறிக்கின்றன. அவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த உதவும் இடம் அது. கூரையிலிருந்து தொங்கும் பழைய செயற்கைக் கால்களில் பல, மூங்கிலாலும் மரத்தாலும் கிராமத்தார் தாங்களே செய்துகொண்டவை.

லுவாங் பிரபாங் 1995 முதல் உலகப் பாரம்பரிய நகர். விடியற்காலையில் வரிசையாக வரும் பிக்குகளுக்கு மக்கள் ஒட்டும் அரிசிச் சோறு இடுகிறார்கள். நம் ஊர் 'புலூட்' தான் அங்கே தினச் சோறு. அங்கிருந்து குன்மிங் ரயிலில் ஏறினோம். எல்லையில் போத்தேன், மோஹான் என இரு நிலையங்களிலும் பெட்டி படுக்கையோடு இறங்கிச் சோதனை முடித்து ஏற வேண்டும். கடிகாரத்தை மறுபடி முன்னுக்குத் திருப்பினோம். இரவில் குன்மிங் வந்தபோது குளிர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம் அது. சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு நிலையத்தை விட்டு வெளியே வந்தோம்.

நீங்களும் போக நினைத்தால்

• குழுவில் சேருமுன் பயணத் திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை நிமிடம், எது கட்டாயம், எதை விட்டுவிட்டுத் தனியே போகலாம் என்று முன்பே கேளுங்கள்.

• கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விதிகளும் ரயில் நேரங்களும் மாறிக்கொண்டே இருப்பவை. புறப்படுமுன் அதிகாரபூர்வத் தளங்களில் சரிபாருங்கள்.

• லாவோஸ்-சீனா ரயில் நிலையங்களில் விமான நிலையம் போன்ற சோதனை உண்டு. கத்தி, எரியக்கூடிய தெளிப்பான்கள் பறிமுதலாகும். எங்கள் குழுவில் மட்டும் ஐந்து வாசனைத் தெளிப்பான்களும் ஒரு கொசு மருந்தும் போயின.

• படுக்கை வசதி ரயிலில் குளிர் அதிகம். ஒரு போர்வையும் காதடைப்பானும் போதும். பெரிய பெட்டி வேண்டாம், எல்லையில் தூக்கப்போவது நீங்கள்தான்.

• காஞ்சனபுரிக்குப் போனால் பாலத்தோடு நின்றுவிடாதீர்கள். போகுமுன் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்களைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பணமோ கடப்பிதழோ தேவையில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், நம் குடும்பத்திலிருந்து யாராவது சயாமுக்குப் போனார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். பெயர், தோட்டம், தெரிந்தால் ஆண்டு, இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். ஊர் திரும்பியதும் நான் என் அப்பாவின் அத்தையிடம் கேட்டேன். அவருக்கு வயது 88. சற்று நேரம் யோசித்துவிட்டு இரண்டு பெயர்களைச் சொன்னார். இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.